வலி மாத்திரை கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்க உங்களுக்கு என்ன கஷ்டம்?



இது நீளமான பதிவு. "சார் மறுபடியும் ஆரம்பிச்சுட்டார்" என்று நினைப்பவர்கள் தாராளமாகக் கடந்து போகலாம். ஆனால் உங்கள் வீட்டில் ஆஸ்துமா, வீசிங், ஓயாத சைனஸ், மூக்கில் சதை என்று யாராவது இருந்தால் கடந்து போகாதீர்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பல்வலி தாங்க முடியவில்லை என்று போட்டிருந்தார். இருபது நிமிடத்துக்குள் ஏழு மாத்திரைப் பெயர்கள் வந்து விழுந்தன. ஒருவர் தன் வீட்டு அலமாரியில் இருந்த அட்டையைப் படமே எடுத்துப் போட்டிருந்தார். "இதப் போட்டா பத்து நிமிஷத்துல நிக்கும், கேரண்டி" என்று இரண்டு பேர் சான்றிதழ் வேறு. அந்த ஏழு பேரில் ஒருவராவது, "உனக்கு வீசிங் இருக்கா? முன்னாடி எப்பவாவது வலி மாத்திரை போட்டு மூச்சு வாங்கியிருக்கா?" என்று கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. அந்த ஏழு மாத்திரைகளில் ஐந்து, ஆஸ்துமா உள்ள சிலரை ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்க வைக்கக் கூடியவை. பல்வலிக்காரருக்கு ஆஸ்துமா கிடையாது, பிழைத்தார். நீங்கள் அதை விசாரித்துத் தெரிந்துகொண்டு மாத்திரை சொல்லவில்லை என்பதுதான் என் கோபம்.

ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், மெஃபனாமிக் ஆசிட், நாப்ராக்சன், கெட்டோரோலாக். இவையெல்லாம் ஒரே குடும்பத்து மருந்துகள். ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் 100-க்கு ஏறக்குறைய 7 பேருக்கு இந்தக் குடும்பமே ஆகாது. கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களை மட்டும் எடுத்தால் 100-க்கு சுமார் 15 பேர். இது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. இந்தியாவில் ஆஸ்துமா உள்ளவர்கள் 3 கோடிக்கு மேல் என்பது மதிப்பீடு. குழந்தைகளைக் கழித்துவிட்டு மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கணக்கில் வீக் ஆனவர்களுக்கும் இது வரும்.

இது ஏதோ புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் என்று நினைக்காதீர்கள். ஆஸ்பிரின் 1899-இல் விற்பனைக்கு வந்தது. 1922-இல் பாரிஸில் விடால் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஆஸ்துமா, மூக்கில் சதை, ஆஸ்பிரின் ஒவ்வாமை மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவதை எழுதி வைத்துவிட்டார்கள். யார் இந்த விடால் தெரியுமா? டைபாய்டுக்கு "வைடால் டெஸ்ட்" என்று எடுக்கிறீர்களே, அதே மனிதர். அவர் பெயரில் உள்ள ரத்தப் பரிசோதனையை நம் ஊர் மூலை முடுக்கு லேப் வரை கொண்டுவந்து சேர்த்துவிட்டோம். அவர் சொன்ன இந்த எச்சரிக்கை மட்டும் நூறு வருஷம் ஆகியும் நம் தெரு மருந்துக் கடைக்கு வந்து சேரவில்லை. பிறகு 1968-இல் அமெரிக்காவில் சாம்டர், பியர்ஸ் என்ற இருவர் இதை விரிவாக எழுதினார்கள். அதனால் இதற்கு "சாம்டர் முக்கூட்டு" என்றே பெயர் நிலைத்துவிட்டது.

என் பழைய மாணவி ஒருவரின் கதையைச் சொல்கிறேன். அவர் அனுமதி கொடுத்துத்தான் எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றார். பள்ளியில் படிக்கும்போது அவருக்கு ஒரு தும்மல்கூட வந்ததாக எனக்கு நினைவில்லை. முப்பத்து மூன்று வயதில் மூக்கடைப்பு ஆரம்பித்தது. ஜலதோஷம் என்று விட்டுவிட்டார். அது போகவேயில்லை. "ரசம் கொதிக்கிற வாசனை தெரியல சார், கேஸ் லீக் ஆனாக்கூட வீட்டுக்காரர்தான் சொல்லணும்" என்றார் ஒருமுறை. மூக்கில் சதை என்று அறுவைச் சிகிச்சை செய்தார்கள். இரண்டு வருஷத்தில் மறுபடியும் வளர்ந்தது. மறுபடியும் அறுவை. அதற்கு நடுவில் இளைப்பு வந்து இன்ஹேலர் பிடிக்க ஆரம்பித்தார். மூக்குக்கு ஒரு டாக்டர், நுரையீரலுக்கு ஒரு டாக்டர். இருவரும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு நாள் பல் பிடுங்கினார்கள். சீட்டில் ஒரு வலி மாத்திரை. சாப்பிட்டு நாற்பது நிமிடத்தில் மூக்கிலிருந்து தண்ணீராகக் கொட்டியிருக்கிறது, கண் சிவந்து முகம் தகதகவென்று எரிந்திருக்கிறது, அப்புறம் நெஞ்சு பூட்டிக்கொண்டது. இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. டிஸ்சார்ஜ் கொடுத்தபோது அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? ஆஸ்துமா திடீரென்று அதிகமானது, அவ்வளவுதான். மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. யாரும் கேட்கவில்லை, இவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. எட்டு மாதம் கழித்துக் கணுக்கால் சுளுக்கு. வேறொரு கிளினிக். "என்ன ஊசி?" என்று கேட்டதற்கு "வலி ஊசிதாம்மா" என்று பதில். மறுபடியும் அதே ஆம்புலன்ஸ், அதே ஆக்சிஜன். அந்த இரண்டாவது தடவைதான் வயதான ஒரு மூக்கு டாக்டர் வந்து, மூன்றே மூன்று கேள்வி கேட்டு விஷயத்தைப் பிடித்தார். மூக்கில் சதை உண்டா, இளைப்பு உண்டா, இரண்டு தடவையும் அதற்கு முன்னால் என்ன மருந்து உள்ளே போனது?

மூன்று கேள்விக்கு ஒரு நிமிடம் ஆகுமா? அந்த ஒரு நிமிடத்துக்காக அந்தப் பெண் ஐந்து வருஷமும் இரண்டு அறுவைச் சிகிச்சையும் இரண்டு ஆம்புலன்சும் காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி கொஞ்சம் பாடம் நடத்துகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் செல்லின் சவ்விலிருந்து அராகிடோனிக் அமிலம் என்ற ஒரு கொழுப்பு அமிலம் வெளியே வருகிறது. ஏரியிலிருந்து இரண்டு வாய்க்கால் பிரிவதுபோல அது இரண்டு வழியில் போகிறது. ஒரு வழியில் காக்ஸ் என்ற நொதி அதைப் புரோஸ்டாகிளாண்டின்களாக மாற்றுகிறது. வலி, காய்ச்சல், வீக்கம் எல்லாவற்றிலும் இவற்றுக்குப் பங்குண்டு. இன்னொரு வழியில் அது லூக்கோட்ரையீன்களாக மாறுகிறது. இவை மூச்சுக்குழாயைச் சுருக்கும், சளியைப் பெருக்கும், மூக்கின் உள்சவ்வை வீங்க வைக்கும். வலி மாத்திரை என்ன செய்கிறது? காக்ஸ் வழியின் மதகை இறக்குகிறது. ஜான் வேன் என்ற ஆங்கிலேயர் இதை 1971-இல் காட்டினார், 1982-இல் நோபல் பரிசு பெற்றார். அந்தப் பரிசை அவரோடு பகிர்ந்துகொண்ட சாமுவேல்சன்தான் லூக்கோட்ரையீன்களைக் கண்டறிந்தவர். ஒரே மேடையில் இரண்டு வாய்க்கால்காரர்களும் நின்றிருக்கிறார்கள்!

மதகு உதாரணம் புரிவதற்காகச் சொன்னது. ஒரு பக்கம் அடைத்தால் தண்ணீர் எல்லாம் மறுபக்கம் பாய்கிறது என்பது முழு விஷயம் இல்லை. புரோஸ்டாகிளாண்டின்களில் இ2 என்று ஒன்று உண்டு. அது லூக்கோட்ரையீன் உற்பத்திக்குப் பிரேக் மாதிரி இருக்கிறது. இந்த நோய் உள்ளவர்களிடம் அந்தப் பிரேக் ஏற்கெனவே தேய்ந்துபோய்த்தான் இருக்கும். மாத்திரை போட்டதும் மிச்சமிருந்த பிரேக்கும் போய்விடுகிறது. வண்டி பள்ளத்தில் இறங்குகிறது. காக்ஸைத் தடுப்பதுதான் காரணம் என்று போலந்து நாட்டு மருத்துவர் ஷெக்லிக் குழுவினர் 1975-இலேயே சொல்லிவிட்டார்கள்.

இதிலிருந்து இரண்டு விஷயம் விளங்கும். ஒன்று, இது வேர்க்கடலை ஒவ்வாமை, தேனீக் கொட்டு மாதிரி ஒரு குறிப்பிட்ட பொருளை உடம்பு எதிரியாக நினைப்பதல்ல. மருந்து செய்யும் வேலையே பிரச்சினை. அதனால் "டைக்ளோஃபெனாக் ஒத்துக்கலையா, சரி, ஐபுபுரூஃபன் தர்றேன்" என்று மாற்றித் தருவது அறியாமை. அதே மதகு, வேறு ஆள் இறக்குகிறான். இரண்டாவது, ரத்தத்திலோ தோலிலோ டெஸ்ட் எடுத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. "200 பொருளுக்கு அலர்ஜி டெஸ்ட், இந்த மாதம் தள்ளுபடி" என்று பேக்கேஜ் விற்கிறார்களே, அதில் கத்தரிக்காய், கரப்பான்பூச்சி எல்லாம் வரும், இது வராது. நடந்ததைக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். சந்தேகம் தீரவில்லை என்றால் ஆஸ்பத்திரியில், நிபுணர் கண் முன்னால், சிறிய அளவில் கொடுத்துப் படிப்படியாகக் கூட்டிப் பார்ப்பார்கள். வீட்டில் கால் மாத்திரை போட்டுப் பார்க்கிறேன் என்று யாராவது கிளம்பினால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

"சார், நான் இருபது வருஷமா போடறேன், ஒண்ணும் ஆகல." இந்த வாக்கியத்தை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருப்பேன்! முதலில், உங்களுக்கு ஆகவில்லை என்பது உங்கள் தங்கைக்கு ஆகாது என்பதற்குச் சாட்சி இல்லை. அடுத்தது இன்னும் முக்கியம். இது பிறவியில் வருவதில்லை. பெரும்பாலும் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் வருகிறது. நேற்று வரை அதே மாத்திரையை வேர்க்கடலை மாதிரி மென்றவர்களுக்கே வருகிறது. என் மாணவியும் கல்லூரிக் காலத்தில் மாதவிடாய் வலிக்கு இதே குடும்பத்து மாத்திரையைப் போட்டவர்தான். ஆகவே, விடாத மூக்கடைப்பு, வாசனை தெரியாமல் போவது, அதன் பின்னால் இளைப்பு என்று வரிசையாக வந்தால், பழைய அனுபவத்தைச் சான்றாகக் காட்டாதீர்கள். சிலருக்கு ஒரு வாய் மது உள்ளே போனாலே மூக்கடைத்து இளைக்கும். அதுவும் இந்த நோய் உள்ளவர்களிடம் அதிகம் காணும் அடையாளம். (யாருக்குச் சொல்கிறேன் என்று சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரியும்.)

மருந்துக் கடைக்கு வருகிறேன். என் மாணவர்கள் நான்கு பேர் மருந்துக் கடை வைத்திருக்கிறார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பிகளா. "ரெண்டு செட் மாத்திரை குடுங்க" என்று ஒருவர் வந்து நிற்கிறார். அட்டையிலிருந்து கத்தரிக்கோலால் இரண்டு இரண்டாக வெட்டி, சின்னக் காகிதக் கவரில் போட்டு, பத்து இருபது ரூபாய் வாங்கிக்கொள்கிறீர்கள். வெட்டிய துண்டில் மருந்தின் பெயர் இருக்கிறதா? பாதி எழுத்து இருக்கும். டைக்ளோஃபெனாக், மெஃபனாமிக் ஆசிட் இரண்டும் 1945-ஆம் வருஷத்து மருந்து விதிகளின் எச் அட்டவணையில் உள்ளவை. டாக்டர் சீட்டு இல்லாமல் சில்லறையில் விற்கக் கூடாது என்று அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. அந்த எச்சரிக்கை எந்தத் துண்டில் போனது? வீட்டுக்குப் போய் அந்த ஆளுக்கு மூச்சு அடைத்தால், என்ன சாப்பிட்டார் என்று ஆஸ்பத்திரியில் கேட்பார்கள். "வெள்ளையா ஒண்ணு, ஆரஞ்சு கலர்ல ஒண்ணு" என்று வீட்டம்மா சொல்வார். அதை வைத்து எந்த டாக்டர் என்ன செய்வார்?

"கூட்டத்துல எப்படி சார் ஒவ்வொருத்தரையும் கேக்கறது" என்றான் ஒருவன். சில்லறை இருக்கிறதா என்று ஒவ்வொருத்தரையும் கேட்கிறாய் அல்லவா? அதோடு சேர்த்துக் கேள்.

பெயர்களும் ஏமாற்றுகின்றன. "பாரசிட்டமால்தானே, ஆபத்தில்லை" என்று நம்பி வாங்குவது பல நேரம் கூட்டு மாத்திரை. காம்பிஃப்ளாமில் பாரசிட்டமாலோடு ஐபுபுரூஃபனும் இருக்கிறது. ஜீரோடால்-பி-யில் அசிக்ளோஃபெனாக் இருக்கிறது, அந்த "பி" பாரசிட்டமால். ஆனால் குழந்தைகளுக்குக் கொடுக்கும் மெஃப்டால்-பி-யில் உள்ளது மெஃபனாமிக் ஆசிட், அங்கே "பி" என்பதற்குப் பாரசிட்டமால் என்று அர்த்தமில்லை. பெண் பிள்ளைகள் ஜாமெட்ரி பாக்ஸிலேயே வைத்துக்கொண்டு தோழிகளுக்குப் பங்கு போடும் மெஃப்டால்-ஸ்பாஸிலும் அதேதான். இவை கெட்ட மருந்துகள் என்று நான் சொல்லவில்லை. கோடிக்கணக்கானவர்களுக்கு வலி தீர்க்கின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்று கொடுப்பவருக்கும் தெரியாமல் வாங்குபவருக்கும் தெரியாமல் கைமாறுவதைத்தான் சொல்கிறேன். 2024 ஆகஸ்டில் மத்திய அரசு 156 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. அதில் அசிக்ளோஃபெனாக் 50 மி.கி. பாரசிட்டமால் 125 மி.கி. சேர்ந்த மாத்திரையும் உண்டு. அதே ஜோடி வேறு அளவில் இன்றும் கடையில் அடுக்கடுக்காக இருக்கிறது. மேலே இருப்பவர்கள் தடை போட்டுப் பார்த்துக்கொள்வார்கள் என்று நாம் உட்கார்ந்திருக்க முடியாது.

என் வயதுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. நமக்கெல்லாம் கண்புரை ஆபரேஷன் வரிசையாக நடந்துகொண்டிருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு சொட்டு மருந்து தருவார்கள். அதில் கெட்டோரோலாக் அல்லது டைக்ளோஃபெனாக் இருக்கலாம். கண்ணில் விடும் சொட்டு மூச்சுக்குழாயை என்ன செய்யும் என்று சிரிக்காதீர்கள். கண்ணிலிருந்து மூக்குக்கு ஒரு குழாய் இருக்கிறது. அழுதால் மூக்கு ஒழுகுகிறதே, எப்படி? சொட்டு மருந்தால் ஆஸ்துமா கிளம்பிய சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன, மருந்தோடு வரும் தாளிலும் எச்சரிக்கை இருக்கிறது. கண் டாக்டரிடம் "எனக்கு ஆஸ்துமா உண்டு, வலி மாத்திரை ஒத்துக்காது" என்று சொல்ல வேண்டும். கண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நாமாக முடிவு செய்து பேசாமல் இருந்துவிடுகிறோம்.

பாதயாத்திரைக்காரர்களுக்குப் பந்தலில் மோரும் தண்ணீரும் கொடுக்கும் நல்ல மனிதர்கள் கால்வலி மாத்திரையையும் அள்ளிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். மோர் கொடுங்கள், புண்ணியம். மாத்திரையை விட்டுவிடுங்கள்.

உடனே "அதான் சார், நான் இங்கிலீஷ் மருந்தே தொடறதில்ல, மூலிகைப் பொடிதான்" என்று ஒரு கூட்டம் வரும். மூட்டுவலிக்கு ஒரே நாளில் கேட்கிற மூலிகை என்றால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும். 2022-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, ஆர்த்ரி கிங் என்ற மூட்டுவலி "இயற்கை" மாத்திரையைச் சோதித்தபோது, அட்டையில் சொல்லாத டைக்ளோஃபெனாக்கும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் உள்ளே இருந்தன. அங்கேயே அந்தக் கதி. நம் ஊரில் பேருந்து நிலையத்தில் விற்கும் பொடியை யார் சோதித்தார்கள்?

சரி, வலி வந்தால் என்னதான் செய்வது? பாரசிட்டமால் 500 மி.கி. இவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்கிறது. ஆயிரம், அதற்கு மேல் என்று போகும்போது சிலருக்கு அதுவும் கிளப்பிவிடும். ஆகவே "பாரசிட்டமால்தானே" என்று இரண்டு இரண்டாகப் போடாதீர்கள். காக்ஸ்-1-ஐ அவ்வளவாகத் தொடாத செலிகாக்சிப், எட்டோரிகாக்சிப் போன்றவையும் பெரும்பாலும் தாங்கும். ஆனால் அவற்றை டாக்டர் முடிவு செய்யட்டும், முதல் தடவை அவர் பார்வையில் போடட்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இதயத்துக்காகச் சிலர் தினம் 75 மி.கி. ஆஸ்பிரின் சாப்பிடுகிறீர்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் இருக்கிறீர்கள். இந்தப் பதிவைப் படித்துவிட்டு அதை நிறுத்தினால் அது என் பாவம். நிறுத்தக் கூடாது. ஆஸ்துமா இருந்தும் ஆஸ்பிரின் ஒத்துக்கொள்கிறவர்கள்தான் மிகப் பெரும்பான்மை. இளைப்பு வருவதாகச் சந்தேகம் இருந்தால் இதய டாக்டரிடம் போங்கள். ஆஸ்பிரின் தேவைப்படும் ஒவ்வாமைக்காரர்களுக்கு, ஆஸ்பத்திரியில் வைத்துச் சிறுகச் சிறுகக் கொடுத்து உடம்பைப் பழக்கும் சிகிச்சையே இருக்கிறது. மூக்குச் சதை மீண்டும் மீண்டும் வளர்வதையும் அது தாமதப்படுத்தும்.

யாருக்காவது மாத்திரை போட்டு அரை மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் மூக்கு கொட்டி, முகம் சிவந்து, நெஞ்சு இறுகினால் படுக்க வைக்காதீர்கள். நிமிர்ந்து உட்கார வையுங்கள். அவருடைய நீல இன்ஹேலரைக் கொடுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். ஜோசியம் பார்த்துக்கொண்டிருக்காமல், அவர் சாப்பிட்ட மாத்திரையின் அட்டையை, காலி அட்டையாக இருந்தாலும், கையோடு எடுத்துப் போங்கள். டிஸ்சார்ஜ் காகிதத்தில் அந்த மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லி நில்லுங்கள். "அதெல்லாம் எதுக்குங்க" என்பார்கள். எழுதி வாங்காமல் வராதீர்கள்.

ஒரு தடவை இப்படி ஆனவர்கள் கீழே உள்ளதை ஒரு அட்டையில் எழுதி, இன்ஹேலர் இருக்கும் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். என் மாணவி வைத்திருப்பதைத்தான் அப்படியே தருகிறேன்:

"எனக்கு ஆஸ்துமா உண்டு. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், மெஃபனாமிக் ஆசிட், நாப்ராக்சன், கெட்டோரோலாக் எனக்கு ஆகாது. மாத்திரை, ஊசி, கண் சொட்டு எதுவாகவும் கொடுக்க வேண்டாம். இரண்டு முறை தீவிர சிகிச்சையில் இருந்தேன்."

கீழே பெயர், வீட்டு போன் நம்பர். ஆங்கிலத்தில் வேண்டுபவர்களுக்குப் பேத்தி டைப் அடித்து வைத்திருக்கிறாள், இன்பாக்ஸில் கேளுங்கள். மருந்துக் கடைத் தம்பிகள் நால்வரும் கவுண்டரில் ஒட்டுவதற்குப் பெரிய எழுத்தில் ஒன்று கேட்டால் அதுவும் தரச் சொல்கிறேன். இதுவரை ஒருவன்தான் கேட்டிருக்கிறான்.